டயானா கரையில் இருக்கிறாள்

திரேஸ்புரத்து டயானாவும் நானும் தூத்துக்குடியில் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறோம். அடுத்தடுத்த மேசை. எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரும், எந்தக் கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது எங்கள் பிழைப்பு. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல, அவள் உண்டாக்கிய 'கொண்டல்' செயலியைப் பற்றி.

அவளுடைய அண்ணன் மரியான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். வானிலை அறிவிப்பு அவர் கைக்கு வரும்போது ஆங்கிலமும் எண்களுமாக இருக்கும். அதைப் புரிந்துகொள்வதற்குள் காற்றே மாறிவிடும் என்பார். டயானா கணினி படித்தவள். அறிவிப்பைத் தானாக எடுத்து, ஊர் ஊராகப் பிரித்து, "மத்தியானத்துக்கு மேல காத்து பலக்கும், போவாதிய" என்று கடற்கரைப் பேச்சிலேயே சொல்லும்படி ஒரு செயலி எழுதினாள். கீழ்த்திசைக் காற்றின் பெயரை அதற்கு வைத்தாள். யார் வேண்டுமானாலும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்தும் வைத்தாள்.

அது பரவியது. ராமேஸ்வரம், குளச்சல், பிறகு கேரளம், பிறகு கடல் தாண்டி இலங்கையின் மன்னார். முன்பின் தெரியாதவர்கள் நன்றி எழுதினார்கள். அலுவலகத்தில் அவள் முகமே பளிச்சென்று இருந்த காலம் அது.

நன்றிக்குப் பின்னால் குறைகள் வந்தன. என் போனில் சத்தம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெயர் தப்பாக இருக்கிறது. எப்போது சரிசெய்வாய்? ஏன் பதில் இல்லை? பொறுப்பில்லாதவள் எதற்கு இதை ஆரம்பித்தாய்? ஒவ்வொன்றுக்கும் அவளே பதில் எழுதினாள். பஸ்ஸில், அடுப்படியில், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தது. அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த அன்று மாதா கோயில் வாசலில் உட்கார்ந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை வெள்ளை உடுப்போடு அவளைத் தாண்டிப் போனது.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருக்கும் செந்தில்முருகன் என்ற இளைஞர் பல திருத்தங்கள் எழுதி அனுப்பியிருந்தார். சாயர்புரத்தில் கல்லூரி ஆசிரியையான சுஜிதாவும் அனுப்பியிருந்தாள். அவை அப்படியே கிடந்தன. "எல்லாத்தையும் நானே பாத்துதான் சேக்கணும். ஒரு வரி பிசகினா கடல்ல நிக்கவங்க கதி என்ன?" என்பாள் என்னிடம்.

ஒருநாள் காலை அவள் போன் மேசைமேல் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். நான்தான் ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டு விட்டேன். மரியான் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார்.

"என்னளா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. போன் சத்தம் கேட்டாலே வயித்தப் பெரட்டுது."

"ஏளா, ஞாயித்துக்கெழம நாங்க கடலுக்கே போறதில்ல. எஞ்சின்கூட அன்னைக்கு ஆறிக் கெடக்கு. ஒனக்குத்தான் ஆறதுக்கு ஒரு நாள் இல்லாமப் போச்சு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

உடம்பு தேறியதும் இணையத்தில் வெளிப்படையாக எழுதினாள்: "என்னால் இனித் தனியாக முடியவில்லை. யாராவது சேர்ந்து பிடித்தால் கொண்டல் ஓடும். இல்லையென்றால் நிறுத்திவிடுகிறேன்." சிலர் திட்டினார்கள். ஆனால் அன்றைக்கே செந்தில்முருகன் கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடக் கூடாது. இது ஒங்க ஆப்பா, நம்ம எல்லாரோட ஆப்பா?"

"இதென்ன கேள்வி தம்பி. எல்லாருக்கும்தான்."

"அப்ப சாவிய மட்டும் ஏன் நீங்களே வச்சிருக்கிய?"

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே நிரலை மாற்றும் உரிமையைச் செந்தில்முருகனுக்கும் சுஜிதாவுக்கும் மன்னாரிலிருந்து உதவிய ஒருவருக்கும் கொடுத்தாள். எந்தத் திருத்தமானாலும் எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்த்த பிறகே சேர வேண்டும். வசை எழுதுகிறவருக்குப் பதில் கிடையாது. களைத்தவர் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், குழுவில் 'கரையில் இருக்கிறேன்' என்று போட்டால் போதும், திரும்பி வரும்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்த வழக்கத்தை முதலில் பயன்படுத்தியவள் டயானாதான். போட்டுவிட்டு அன்று முழுக்கப் போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். பழகச் சில மாதங்கள் ஆயின.

கார்த்திகையில் ஏரலில் என் தங்கை கல்யாணம். டயானா அந்த வாரம் கரையில் இருந்தாள். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது வெளியே வானம் திடீரென்று கறுத்து, பந்தல் துணி படபடவென்று அடித்தது. அவள் இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணன் கடல்ல இருக்கான்," என்றாள். பையிலிருந்து போனை எடுத்து, குழுவில் வந்திருந்ததையெல்லாம் படித்தாள்.

அன்று காலை அறிவிப்பு வரும் இணையப் பக்கத்தின் வடிவமே மாறிப்போயிருந்தது. கொண்டல் ஊமையாகிவிட்டது. காலையிலேயே அதைக் கவனித்த சுஜிதா குழுவில் சொல்லியிருந்தாள். செந்தில்முருகன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு உட்கார்ந்து திருத்தியிருந்தார். மன்னார்க்காரர் சரிபார்த்து, இரண்டு தவறுகளைக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். மறுபடி திருத்தி, மறுபடி பார்த்து, காற்று எழுவதற்கு வெகுநேரம் முன்பே கொண்டல் பேச ஆரம்பித்துவிட்டது. 'பெருங்காத்து வருது, ஒடனே கரைக்குத் திரும்புங்க.' அதைக் கேட்ட வள்ளங்கள் கேட்காத வள்ளங்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தன.

மரியானை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்.

"எங்கண்ணே இருக்க?"

"வீட்ல கெடக்கேன். அப்பமே வந்துட்டோம். எல்லா வள்ளமும் வந்துட்டு. நீ கல்யாணச் சோத்தத் தின்னு!"

டயானா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர். "நான் ஒண்ணுமே செய்யலடி. ஒரு வரிகூட எழுதல. எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க!" என்றாள். பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, ஏதோ பரிசு வாங்கியவளைப் போலச் சொன்னாள். பிறகு பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பொங்கல் விடுமுறையில் குழுவினர் முதன்முறையாக நேரில் சந்தித்தார்கள். மன்னார்க்காரரும் வந்திருந்தார். மரியான் எல்லோரையும் வள்ளத்தில் ஏற்றினார். கடல் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் செந்தில்முருகன் அதுவரை வள்ளத்தில் ஏறியதில்லை. துறைமுகத்துக் கிரேன்கள் சிறுத்துத் தெரிய ஆரம்பித்தபோது விளிம்பில் குனிந்து வாந்தி எடுத்தார்.

"ஏலே உடன்குடி, கருப்பட்டி கணக்கா கரைஞ்சிட்டியே!" என்று மரியான் சிரித்தார். "திருப்பவா?"

செந்தில்முருகன் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "வேண்டாம் அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் அங்கன தள்ளிப் போவோம்."

டயானா கைதட்டினாள். மரியான் எஞ்சினை முடுக்கினார்.