பம்பரில் ஒட்டிய பூச்சி

பூச்சிக்குப் பெயர் வைப்பது என் வேலை இல்லை. யாரோ எப்போதோ வைத்த பெயரைத் தேடிப் பிடித்து, அதைக் கேட்க விருப்பமில்லாதவர்களிடம் சொல்வதுதான் என் வேலை.

ஒரகடத்தில் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றின் மாடியில் ஒரு நுண்ணோக்கியோடு உட்கார்ந்திருக்கிறேன். சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலிருந்து பூச்சிகள் வந்தபடி இருக்கும். பாட்டிலில் வரும், டேப்பில் ஒட்டிக்கொண்டு வரும், ஒருமுறை டிபன்பாக்ஸில் வந்தது. ரத்தம், மண், தண்ணீர், தங்கம் என்று எதையாவது சோதித்து உண்மையைச் சொல்லிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்மிடம் வருகிறவர் உண்மையைத் தேடி வருவதில்லை. திட்டுவதற்கு ஓர் ஆளைத் தேடி வருகிறார்.

என் வாடிக்கையாளர்களில் தலையாயவர் பாஸ்கர். கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிற்சாலையில் குவாலிட்டி பொறுப்பாளர். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். அந்த அவசரத்தால் தேவகி என்ற பெண்ணின் வேலையே ஒருநாள் என் நுண்ணோக்கியின் கீழே வந்து கிடந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பாஸ்கரைத் தெரியாமல் அது புரியாது என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்பதாம் நம்பர்

அவர் எனக்கு முதன்முதலில் அனுப்பியது ஒரு டிஷ்யூ காகிதம். அதன் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு தீற்றல், பக்கத்தில் ஒன்றரைக் கால். 'கேன்டீன் சுவரில் கண்டது. என்ன இனம்? உடனே தேவை' என்று ஒரு சீட்டு வேறு.

நான் போன் செய்தேன். இறக்கையின் நரம்பு, உணர்கொம்பின் கணுக்கள், வாயின் அமைப்பு இவற்றில் ஒன்றாவது இல்லாமல் இனம் சொல்ல முடியாது என்றேன். அடுத்த முறை டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, உயிரோடு பிடித்து, ஃப்ரீசரில் வைத்து அனுப்பும் முறையை விரிவாக எடுத்துச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். அவர் அப்படிக் கேட்டது அதுவே முதலும் கடைசியும்.

"மேடம், இருந்ததெல்லாம் அனுப்பிட்டேன். அடிச்சது ஒம்போதாம் நம்பர் செருப்பு. அதுக்கு மேல டீடெயில் வேணும்னா செக்யூரிட்டியத்தான் கேக்கணும்."

ஐந்தாவது ஏன்

அடுத்து வந்தது ஓர் அந்துப்பூச்சி, இந்த முறை முழுசாக. பெயின்ட் அறையில் அகப்பட்டதாம். நெல் தண்டைத் துளைக்கும் இனம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மிச்சமிருக்கும் வயலிலிருந்து விளக்கைப் பார்த்து வந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். பாஸ்கர் நேரில் வந்துவிட்டார்.

தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. குறை ஏதும் நேர்ந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் மூலகாரணம் மாட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஏன் வந்தது? விளக்கு எரிந்ததால். விளக்கைப் பார்த்து ஏன் வருகிறது? அதில் அறிஞர்களுக்குள் இன்னும் சச்சரவு இருக்கிறது என்றேன். ஏன் சச்சரவு? அந்துப்பூச்சி வாய் திறந்து சொல்லாததால். ஏன் சொல்லவில்லை? வளர்ந்த பிறகு அந்த இனத்துக்குத் தின்பதற்கே வாய் இல்லை, பேசுவது எங்கே என்றேன். ஏன் வாய் இல்லை? இயற்கை என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"இயற்கைன்னு போட்டா சிஸ்டம் எடுத்துக்காது மேடம். யாராவது மனுஷன் பேரா பாத்துச் சொல்லுங்க."

ஒரே யூனிபார்ம்

அந்தத் தொழிற்சாலையின் வாசலில் வரிசையாகச் செம்பருத்திச் செடிகள். வெளிநாட்டு விருந்தாளிகள் வரவிருந்த சமயம் பார்த்து, அவற்றில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. போய்ப் பார்த்தேன். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு, கொஞ்சம் பெரிதாக, சடைசடையாக வேறு சில நகர்ந்துகொண்டிருந்தன. அவை ஒருவகைப் பொறிவண்டின் புழுக்கள். மாவுப்பூச்சியின் வேடத்திலேயே உள்ளே நுழைந்து மாவுப்பூச்சியைத் தின்பவை. தோட்டக்காரர் ஏழுமலையிடம், பெரியதைத் தொடாதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள், அவையே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுபடி போனபோது பெரியது ஒன்றுகூட இல்லை. சின்னது மட்டும் ஊரே கூடியது மாதிரி பெருகியிருந்தது. ஏழுமலை என் முகத்தைப் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் விட்டார்.

"நா சொன்னேன் மேடம். பாஸ்கர் சாருதான் 'பெருசு பெருசா கீறத மொதல்ல எடு, சின்னத அப்பால பாத்துக்கலாம்'னாரு. ரெண்டும் ஒரே யூனிபார்ம் போட்டுகினு கீது. எது செக்யூரிட்டி, எது திருடன்னு அதுங்களுக்கே தெரியுமோ இன்னாவோ!"

பாதி வாக்கியம்

இப்போது தேவகியின் கதை. பெயின்ட் அடித்த பம்பர்களில் கடுகில் கால்வாசி அளவுக்குப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன, ஒவ்வொன்றும் பெயின்டில் சிக்கி வெந்துபோன ஒரு குட்டிப் பூச்சி. கார் கம்பெனி திருப்பி அனுப்பியது. ஒரு வியாழக்கிழமை, பெயின்ட் அறைப் பக்கம் மாட்டியிருந்த பசைத் தாளைச் சுருட்டி பாஸ்கர் எனக்கு அனுப்பினார். அதில் சில பூச்சிகள் நல்ல நிலையில் ஒட்டியிருந்தன. பார்த்தவுடன் வகை தெரிந்துவிட்டது. போனில் சொல்ல ஆரம்பித்தேன்: "இது இலைப்பேன். தலைப்பேனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்த வகை பூவுக்குள்ளே வாழ்வது. ஆனால் எந்தப் பூ என்பது..." அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

மாலைக்குள் இனமும் தெரிந்துவிட்டது. உடம்புக்குப் பொருந்தாமல் சிறுத்த தலை. சாமந்தியிலும் அதன் உறவுக்காரப் பூக்களிலும் குடியிருப்பது. அன்று முழுக்கப் பாஸ்கர் போனை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் எடுத்தார்.

"கண்டுபுடிச்சாச்சு மேடம். பம்பர் துடைக்கிற தேவகின்னு ஒரு பொண்ணு, ஊரு வல்லக்கோட்டை. வெள்ளிக்கிழமையானா கோயிலுக்குப் போய்ட்டு தலை நிறைய மல்லிப்பூ. புள்ளியும் வெள்ளிக்கிழமையிலதான் ஆரம்பிக்குது. கேட் பாஸ நிறுத்தச் சொல்லிட்டேன். ரொம்ப தேங்க்ஸ், நீங்க பூன்னு சொன்னதே போதும்."

சிறுத்த தலை

ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கேட் பாஸ் இல்லை என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். செக்யூரிட்டி அறை வாசலில், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். தலையில் புது மல்லிச் சரம். நான் யார் என்று தெரிந்ததும் மேலும் கீழும் பார்த்தாள். "என் தலையில பூச்சி கீதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானா? பூவ எடுத்துட்டு உள்ள போறேன்னேன், அதுவும் வாணாம்னுட்டாங்க. திங்கக்கிழமை வேற ஆளாம்." பூவில் கொஞ்சம் தரச் சொன்னேன். சரத்தை முழுசாக உருவி என் கையில் வைத்தாள். "வெச்சுக்கோங்க. வேலையே போச்சு, இது மட்டும் இன்னாத்துக்கு?"

உள்ளே பாஸ்கர் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, மல்லிச் சரத்தைத் தட்டினேன். பூவிலிருக்கும் பூச்சியைப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. இரண்டு இலைப்பேன்கள் விழுந்தன. "பாத்தீங்களா!" என்று துள்ளினார். கையடக்க நுண்ணோக்கியில் பார்த்தேன். இரண்டுக்கும் தலை சரியான அளவில் இருந்தது. மல்லிகைக்கே உரிய வேறு இனம். "பசைத் தாளில் இருந்ததற்குத் தலை சின்னது. இங்கே சாமந்தி எங்கே?" என்று கேட்டேன். இந்தத் தொழிற்சாலையில் சாமந்திச் செடி ஏது என்றார்.

சுற்றிப் பார்த்தேன். ஈரப் பெயின்டோடு பம்பர்கள் வரிசையாகத் தொங்கியபடி சூட்டு உலைக்குள் போகும் வாய். அதற்கு நேர் மேலே ஒரு சாமி படம். படத்தில் கை மொத்தத்துக்கு மஞ்சள் சாமந்தி மாலை, காலையில்தான் சாத்தியது. யார் போடுவது என்றேன். "நான்தான் மேடம். கொஞ்ச நாளா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை. லைன் நல்லா ஓடணும்னு." அவரே ஷூவைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலையைக் கழற்றி, தாளின் மேல் தட்டினார். மிளகுத்தூள் கொட்டியது போல் விழுந்தது. பிறகு மிளகுத்தூள் நாலாபக்கமும் நடக்க ஆரம்பித்தது. நுண்ணோக்கியை அவரிடமே கொடுத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"தலை சின்னதுதான் மேடம். தேவகிய உள்ள வரச் சொல்றேன். ஆனா ரிப்போர்ட்ல சாமின்னு எழுதிடாதீங்க. 'மேல இருந்து விழுந்தது'ன்னு மட்டும் போடுங்க."

புது மாலை

சில வாரம் கழித்துப் போனேன். புள்ளிகள் நின்றிருந்தன. தேவகி தலைமுடி வெளியே தெரியாமல் தொப்பி மாட்டிக்கொண்டு பம்பரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூவை வாசலில் ஒரு பெட்டியில் வைத்துவிட்டு வந்தால் போதும் என்று ஏற்பாடாம். பேச்சுக்குப் பேச்சு என்னைப் பூச்சி மேடம் என்றே கூப்பிட்டாள். உலையின் வாய்க்கு மேலே அதே படம், அதே மஞ்சள் மாலை. பகீரென்றது. கிட்டே போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக். தேவகி துடைப்பதை நிறுத்தி, பாஸ்கர் பக்கத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"இத்தப் போட்டுட்டு சாமிக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு கீறாரு மேடம். கண்ணுக்கே தெரியாத பூச்சிய வெச்சு நீங்களே இன்னா பூன்னு சொல்லிட்டீங்க, சாமி கண்டுபுடிக்க மாட்டாரா?"

இத்தனை வருடத்தில், நான் சொன்ன இனத்தை மறுத்து என்னிடம் வாதாடிய பூச்சி ஒன்றுகூட இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் இந்த வேலையில் இன்னும் நீடிக்கிறேன்.