நான் வாயசைக்காத நேரம்

எங்கள் வீட்டில் புருசன் பொண்டாட்டி சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற ஆறு தறி வைத்திருந்தோம். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகினோம். "நூல் அறுந்துபோச்சு", "சாப்பிட வாங்க", "என் தங்கச்சி வந்திருக்கா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாத", எல்லாம் வெறும் வாயசைவுதான்.

இருபது வருசத்தில் அந்தத் தறி என் வீட்டுக்காரர் காதைத் தின்றுவிட்டது. டாக்டர் காது மிஷின் வைக்கச் சொன்னார். இவர் மாட்டவே மாட்டேன் என்றார். காரணம், அந்தப் பாழாய்ப்போன நாடகம். ஒத்திகை என்றால் தறியைக்கூட நிறுத்திவிட்டு ஓடுகிற மனுசன். "காது கேக்காதவனுக்கு எவன்டி வேசம் கொடுப்பான்?" என்றார். மேடையிலும் எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே சமாளித்தார். குழுவில் ஒருவருக்கும் தெரியாது. செவிடன் காதில் ஊதின சங்கு என்று ஊரில் லேசாகச் சொல்கிறார்கள். ஊதிப் பார்த்தவள் நான்.

ஒருநாள் சேத்தூர் ரோட்டில் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல், பைக்கோடு ஓடைக்குள் விழுந்து எழுந்து வந்தார். "வழுக்கிருச்சு" என்று என்னிடமே நடித்தார். மேடை இருக்கிறவரை மிஷின் மாட்ட மாட்டார். இன்னொரு லாரி வந்தால் என்ன செய்வது?

அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாடகம். இவருக்கு அப்பா வேசம். ஓடிப்போன மகன் திரும்பி வந்து எதிரே நின்று "அப்பா" என்பான். இவர் "வெளிய போடா" என்று கத்த வேண்டும். அன்று சாயங்காலம் நாடகம் போடுகிறவர் திடீரென்று மாற்றிவிட்டார். மகன் கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிடட்டும், சத்தம் மட்டும் வந்தால் சனங்களுக்குத் திக்கென்று இருக்கும் என்றார்.

இவர் சரி என்று தலையாட்டிவிட்டு நேரே என்னிடம் வந்தார். பவுடர் பூசிய முகத்தில் வேர்வை ஓடியது.

"முன்வரிசையில உக்காரு. அவன் கூப்பிட்டதும் வாயசைச்சுக் காட்டு."

"அவியகிட்ட உண்மையைச் சொல்லிருங்க."

"இன்னைக்கு மட்டும்டி. ஒன்னைக் கும்பிடுதேன்."

உட்கார்ந்தேன். மேடை வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அவருடைய நடிப்பில் அன்று ஒரு குறையும் சொல்ல முடியாது. அழ வைத்தார், சிரிக்க வைத்தார். அந்தக் கட்டம் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அப்பா!"

நான் வாயைத் திறக்கவில்லை.

"அப்பா!" என்று மறுபடியும் குரல். உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. மூன்றாவது தடவை கத்தினபோது கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "ஏலே, அப்பா தூங்கிட்டாருலே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது. சண்டாளி, அப்புறம்தான் எழுந்து நின்று வாயசைத்தேன். அவர் துள்ளி எழுந்து "வெளிய போடா!" என்று கத்தினார். சிரிப்பு இன்னும் கூடியது.

மறுநாள் காலையில் குழுவில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. "எனக்குக் காது போயி நாலு வருசம் ஆச்சு. இம்புட்டு நாளும் இவதான் என்னைய ஒத்திகை பார்க்க வச்சு, மேடையேத்தி விட்டா. இவ இல்லைன்னா எப்பவோ தோத்திருப்பேன்" என்றார். அவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். செத்த நேரம் இருந்துவிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு மிஷின் மாட்டிக்கொண்டார். ஒன்பது வருசம் நன்றாக இருந்து, போன ஆவணியில் மாரடைப்பில் போனார். மேடை மட்டும் ஏறவே இல்லை.

அன்று காலையில் குழுக்காரர்கள் போன பிறகு அடுப்படிக்கு வந்தார். தறிக்கொட்டகையில் பேசுவது மாதிரி, சத்தமே இல்லாமல் கேட்டார்: "ஏட்டி, ஏன் சும்மா இருந்த?"

நான் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "நீங்க தோக்கணும்னுதான்" என்று சத்தமாகச் சொன்னேன்.