அத்தாவுக்குக் கொண்டுவந்த தொப்பி

லண்டனுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் போனது இந்தத் தொப்பி விஷயம். இங்கே வீட்டுக்குள் நுழைகிறவன் தொப்பியைக் கழற்றுகிறான், மரியாதையாம். திண்டுக்கல் பேகம்பூரில் பெரியவர்கள் முன்னால் போவதென்றால் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வோம். ஊருக்கு ஊர் வழக்கம் என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியும் எங்கள் தோல்ஷாப்பில் ஒரு வெள்ளைக்கார மானேஜர் இருந்தான். விக்டோரியா ராணியின் பட்டாளத்தில் அவன் பாட்டன் அணிந்த வெள்ளைத் தொப்பி, உச்சியில் பித்தளை முனையோடு, அவன் அறைச் சுவரில் தொங்கும். பதனிட்ட தோலைக் காட்டப் போன, என்னைப் பெற்ற அத்தாவை, அதன் முன்னால் தொப்பியைக் கழற்றச் சொன்னான். வேலையாட்கள் எல்லாரும் பார்த்தார்கள். தோல்கட்டோடு பின்னால் நின்ற நானும் பார்த்தேன். அத்தா கழற்றினார். ஒரு தொப்பிக்கு முன்னால் என் அத்தா வெறுந்தலையோடு நின்றார். அவன் சீமைக்குப் போய்விட்டான். என் ஆத்திரம் போகவில்லை.

லண்டனில் தோல்பை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. ஞாயிறு சந்தைகளில் பழைய பட்டாளத் தொப்பிகளாகத் தேடி வாங்கினேன். உயரமான கறுப்புத் தொப்பியில் வெங்காயம் போட்டு வைத்தேன். ரோமத் தொப்பியால் பூட்ஸ் துடைத்தேன். கடைக்காரக் கிழவர் உருகிப் போய், "எங்கள் ராணுவத்தின் மேல் உங்களுக்கு எவ்வளவு பற்று!" என்றார். "ரொம்பப் பற்று" என்றேன். பிறகு ஒரு நாள் அதே மாதிரி வெள்ளைத் தொப்பி, அதே பித்தளை முனையோடு அகப்பட்டது. அதில் வெங்காயம் போடவில்லை. லீவில் ஊருக்கு எடுத்துப் போனேன்.

அன்றைக்குப் பார்த்தவர்களை எல்லாம் வீட்டு முற்றத்துக்கு வரவழைத்தேன். தொப்பியை அத்தாவின் காலடியில் வைத்தேன்.

"மிதிங்கத்தா. நல்லா நசுங்கட்டும்."

அத்தா சுற்றிலும் பார்த்தார். "எதுக்குடா இம்புட்டுப் பேரு?"

"அன்னிக்குப் பாத்தவுக இன்னிக்கும் பாக்கணும்ல?"

"அவனும் நாலு பேரை வச்சுக்கிட்டுத்தான் கழத்துன்னு சொன்னான். நீ மிதிங்கிறே. என்னைய ஏவுறதுக்கு ஆள் மாறிருச்சு, அம்புட்டுத்தான்."

குனிந்து அதை எடுத்தார். தோள் துண்டால் தூசி தட்டி என் தலையில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

"ஒனக்குத்தான்டா இது." தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "சலாம் தொரை."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தா சிரிக்கவில்லை. எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. தலை குனிந்தேன். தொப்பியின் விளிம்பு அத்தாவின் முகத்தை மறைத்தது; எங்கள் வீட்டு மண்ணில் என் லண்டன் பூட்ஸும், எதிரே அத்தாவின் வெறுங்காலும் மட்டும் தெரிந்தன.