மைக்குக்கு எட்டி நின்ற குரல்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சாத்தான்குளத்தில் பஸ் ஏறினேன். திருச்செந்தூரில் மாறி, ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி வழியாகத் தூத்துக்குடி போக வேண்டும். இரண்டு பஸ்ஸிலுமாகச் சுமார் எழுபது கிலோமீட்டர்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். இருபது வருடமாக மைக் செட் போடுகிறேன். மேடைக்குப் பின்னால் இருந்தால் யாரிடமும் அதிகம் பேச வேண்டாம். இப்போது வேறொரு வேலைக்கு ஆசைப்பட்டிருக்கிறேன். திருநெல்வேலியில் பாட்டுக் கச்சேரிக் குழு நடத்தும் ஒருவர், "நல்ல பாடகி ஒருத்தியை நீயாத் தேடிக் கொண்டா. பெறகு பாட ஆள் பிடிக்கிற வேலைய ஒங்கிட்டயே விட்டுருதேன்" என்று சொல்லியிருந்தார்.

தை மாதக் கடைசியில், தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் கட்டினேன். மாதா கோயிலுக்குள் பாட்டுக் குழு மேல்மாடத்தில் நின்று பாடியது. ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் ஒரு குரல் மட்டும் என் காதை விட்டுப் போகவே இல்லை.

பழையகாயல் தாண்டியதும் இருபுறமும் உப்பளம். போய்ச் சொல்ல வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

"என்ன அண்ணாச்சி, எங்கிட்டயா பேசுதிய?" என்றார் கண்டக்டர்.

"இல்ல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றதில் அரை மணி நேரம் போயிற்று.

திரேஸ்புரத்தில் இறங்கும்போது மணி இரண்டு. பாட்டுக் குழுவின் ஒத்திகை நாலு மணிக்கு என்று விசாரித்து வைத்திருந்தேன். கோயிலுக்கு எதிரே பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். உள்ளே போகத் தைரியம் வராமல் இன்னொன்றும் குடித்தேன்.

நாலேகாலுக்கு மாடிப்படி ஏறினேன். எட்டுப் பெண்கள். நடுவில் ஒரே மைக். ஏழு பேர் அதை நெருக்கி நின்றார்கள். ஒருவர் மட்டும் எட்டிச் சுவரோரம் நின்றார். எங்கள் தொழிலில் கனத்த குரலைத்தான் மைக்கை விட்டுத் தள்ளி நிறுத்துவோம். பாட்டு தொடங்கியதும் தெரிந்துவிட்டது. அதே குரல்தான்.

பாடி முடித்ததும், "சுவரோரம் நின்னவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றேன், தரையைப் பார்த்தபடி.

"ஏளா ரோஸ்லின், ஒன்னியத் தேடி வந்திருக்காவ. தலைய நிமித்த மாட்டேங்காவளே, பொண்ணு பாக்க வந்தாவளோ?" என்றார் ஒரு பெண்.

"சொல்லிருளா, எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்குன்னு!" என்றார் ரோஸ்லின். எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். நண்டுக் கம்பெனியில் சதை பிரிக்கும் வேலை. வந்த விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"மைக்குக் கிட்ட நின்னு ஒருநாளாவது பாடணும்னு நானும் நெனச்சிருக்கேன். எப்பம் வரணும்?"

"அம்மன் கோயில்ல பங்குனிக் கொடை. வாற வெள்ளிக்கிழமை."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இது தவக்காலம்லா? ஈஸ்டர் கழியாம எங்க ஆளுவ கல்யாணங்கூட வைக்க மாட்டோம். நான் கச்சேரி மேடையில ஏறுவனா?"

சுற்று வட்டாரக் கோயில் கொடை விழா நாள் எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. இது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஈஸ்டருக்குப் பெறகு வாரேன். இங்கனயே, எம் முன்னாலயே குழுக்காரர்ட்ட சொல்லுங்க. எனக்காக ஒரு வார்த்தை பேசாத ஆளை நம்பி எப்படி வர?" என்றார் ரோஸ்லின்.

திருநெல்வேலிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். குழுக்காரர் கத்தினார். "கொடைக்காரன் ஈஸ்டர் வரைக்கும் காத்திருப்பானாலே? அவள எப்படியாச்சும் சம்மதிக்க வை. இல்லன்னா மைக் செட்டோடயே கெட."

வழக்கமாக இந்த இடத்தில் "சரி" என்று வைத்துவிடுவேன். ரோஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, அவங்க ஈஸ்டருக்குப் பெறகுதான் வருவாங்க. சித்திரைக் கொடைக்கு அவங்க பேரைப் போடுங்க" என்றேன்.

"ஏலே, நீ எனக்கு ஆளா, அவளுக்கு ஆளா?"

"இப்பம் அவங்களுக்குத்தான் ஆளு, அண்ணாச்சி."

"ஒரு வரி பாடச் சொல்லு" என்றார் குழுக்காரர்.

போனை நீட்டிப் பிடித்தேன். ரோஸ்லின் நின்ற இடத்திலிருந்தே தவக்காலப் பாட்டில் ஒரு வரி பாடினார்.

"காது அடைக்குலே! போனைத் தள்ளி வச்சுப் பாடச் சொல்லு."

"பத்தடி தள்ளித்தான் நிக்காங்க."

"திங்கக்கிழமை நேர்ல வா. பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

ஆறு மணி பஸ்ஸில் திரும்பினேன். குழுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், வேறு குழுக்காரர்களின் வாசலில் போய் நின்று ரோஸ்லினுக்காகக் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத நாலைந்து பேரிடம் பேச வேண்டியிருக்கும். ஆனாலும் கேட்பேன்.