சங்குப் பாட்டும் பித்தளைப் புல்லியும்

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஓசூரில், பெங்களூர் ரோட்டின் மேலேயே புதிதாக வந்திருக்கும் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்று நான் எழுதியதைப் படித்தால் என் வீட்டுக்காரி சிரிப்பாள். ஓரிடத்தில் பத்து நிமிஷம் உட்கார எனக்கு வராது. கடை வாசலுக்கும் நாற்காலிக்கும் நாலு தரம் நடந்திருப்பேன். மகளை அழைத்துப் போக வந்தவன். அவள் மீட்டிங் முடியவில்லை என்று செய்தி மேல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடையில் பால் கொதிக்க வைக்க ஒரு இயந்திரம் இருக்கிறது. அது சீறும்போதெல்லாம் எனக்குக் காப்பி ஞாபகம் வருவதில்லை. கடைசல் லேத்தில் சூடாக உதிரும் இரும்புச் சுருள் கூலண்ட் தண்ணீரில் விழுகிற சத்தம்தான் ஞாபகம் வரும். முப்பத்தோரு வருஷம் அந்தச் சத்தத்தில் சம்பளம் வாங்கியவன் வேறு எதை நினைப்பான்? அந்தச் சீறலுக்கு நடுவில்தான் மேலே இருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. எடுத்த எடுப்பில் ட்ரம்பெட்டுகள், கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதுகிற மாதிரி. காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டேன்.

சங்குப் பாட்டு! ஆனால் நான் அறிந்த சங்குப் பாட்டு இல்லை. யாரோ துரத்துவது போல ஓடியது. பாடுகிறவர் குரல் வேறு யாருடையதோ. கல்லாவில் இருந்த தம்பியிடம் போய், இதை யார் பாடியது என்று கேட்டேன். போனைப் பார்த்துவிட்டு, “ஒரு லேடி, அங்கிள். ரொம்பப் பழைய சிங்கிளு. ஏன், ஆப் பண்ணிடவா?” என்றான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன். அன்று ராத்திரி தூங்கவில்லை, அடுத்த நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் அறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சாமல்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். ஐ.டி.ஐ. முடித்து ஓசூர் வந்து, ஒரு கம்பெனியின் டூல் ரூமில் லேத் பிடித்தேன். வரிசை வீடுகளில் ஒரு அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ், பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு டேப் ரெக்கார்டர். அதை நாங்கள் செட்டு என்போம். அந்தச் செட்டுக்காகவே இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் அறைக்கு வந்தார்கள்.

ஒருவன் மஞ்சுநாத், அத்திப்பள்ளிக்காரன், இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. அவனுடைய சித்தப்பா பெங்களூரில் இசைத்தட்டு சேர்ப்பவர். வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் பாடிய அந்தக் காலத்து ராக், சோல் பாட்டுகளை இரண்டு கேசட்டில் பதிந்து கொடுத்திருந்தார். சின்னத் தட்டில் பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு இருந்தால் அதற்கு சிங்கிள் என்று பெயர் என மஞ்சு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொருவன் ஆரோக்கியம். கிருஷ்ணகிரிக்காரன். மாதா கோயிலில் பாடல் குழுவுக்கு கிடார் வாசிப்பவன். ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி வந்துவிடுவான். வேலை பிரஸ் ஷாப்பில். பிரஸ் ஷாப் என்றால் உங்களுக்கு எப்படிச் சொல்வது? இரும்புத் தகட்டை இயந்திரம் அடித்து வளைக்க, நாள் முழுக்கத் தலைக்கு மேலே இடி விழுகிற இடம். அங்கே அத்தனை பேரும் சும்மா நிற்க, இவன் மட்டும் இரண்டு காதிலும் பஞ்சைத் திரித்து அடைத்துக்கொண்டு நிற்பான். கேண்டீனில் இவனுக்குப் பஞ்சு மாப்பிள்ளை என்று பெயர். “கெடக்கட்டும் மச்சான். எனக்குச் சொத்தே இந்த ரெண்டு காதுதான்” என்பான்.

கேசட்டு உறையில் பாட்டுப் பேர் எதுவும் இல்லை. எங்கள் இங்கிலீஷுக்கு வரிகளும் பிடிபடாது. ஆகவே நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். கிடார், சாணைக் கல்லில் இரும்பு பட்டது போலக் கத்தினால் அது கிரைண்டிங் பாட்டு. ஆர்கன் இழுத்தால் பூசைப் பாட்டு. ட்ரம்பெட் ஊதினால் சங்குப் பாட்டு. சங்குப் பாட்டைப் பாடியவருக்கு நாங்கள் வைத்த பேர் பெரியவர். கனத்த, நிதானமான, எல்லாம் இழந்த ஒரு மனுஷனின் குரல்.

எது உலகத்திலேயே சிறந்த பாட்டு என்பதுதான் வாரா வாரம் வழக்கு. இரண்டு கேசட்டு கேட்டவர்களுக்கு உலகம் எவ்வளவு சின்னது பாருங்கள்! ஒருவன் தன் பாட்டுக்காகப் பேசும்போது, அவன் டீ கிளாஸ் காலியாகும் வரை மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. ஆறிப்போன டீயை ஒரு மணி நேரம் வைத்திருந்து பேசியவன் மஞ்சு. பேச்சு முடிந்ததும் ஓட்டு. ஆளுக்கு ஒரு நட்டு. நட்டு என்றால் போல்ட்டுக்குப் போடுகிற நட்டுதான். அதை எந்தப் பாட்டுக்கு வைக்கிறோமோ அதற்கு ஓட்டு. எனக்குக் கிரைண்டிங், மஞ்சுவுக்குப் பூசை, ஆரோக்கியத்துக்குச் சங்கு. மூன்று பேர், மூன்று நட்டு. ஒரு வருஷம் தீர்ப்பு வராமலேயே ஓடியது.

கம்பெனி பஸ்ஸில் போட்டு ஊரைக் கேட்போம் என்று ஒருமுறை கேசட்டைக் கொண்டுபோனோம். “இந்தக் கழுதக் கத்தலெல்லாம் என் வண்டில வேணாம் சாமி” என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மட்டும் ஒரு பாட்டு போட விட்டிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

ஏனென்றால் கோளாறு என் செட்டில் இருந்தது. வாங்கிய இரண்டாம் மாதமே பெல்ட் வழுக்கி, மோட்டாரில் பெல்ட்டைச் சுற்றுகிற சின்னச் சக்கரம், பிளாஸ்டிக் புல்லி, உருகிவிட்டது. கடைக்குக் கொண்டுபோவானா லேத்துக்காரன்? உருகிய புல்லியை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். அதே அளவுக்குப் பித்தளையில் ஒன்று கடைந்தேன். கண்ணாடி மாதிரி மினுங்கியது. பொட்டு வைத்துக் கும்பிடலாம் போல இருந்தது. உருகிப் போனதை அளந்தால் உருகிப் போன அளவுதானே கிடைக்கும் என்று என் பெரிய மூளைக்கு எட்டவில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருந்திருக்காது. புல்லி சிறுத்தால் டேப் மெதுவாக ஓடும். பாட்டு இழுபடும், குரல் தடிக்கும். செட்டில் நான் தமிழ்ப் பாட்டு போட்டிருந்தால் அன்றே குட்டு வெளிப்பட்டிருக்கும். அது இங்கிலீஷ் செட்டு என்று ஒரு கௌரவம் வேறு!

ஆரோக்கியம் மட்டும் மோப்பம் பிடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்குப் பாட்டைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “டேய், இது ஆம்பளக் கொரல் இல்லடா. பொம்பள பாடறா” என்றான்.

மஞ்சு உருண்டு சிரித்தான். “ஏ குரு, பெரியவருக்குச் சேலை கட்டி வுட்டுட்டியே!”

“சிரிக்காதீங்கடா. மூச்சு வாங்கற எடத்தக் கேளு, பொம்பள மூச்சு அது. மச்சான், உன் செட்டு ஸ்பீடு சரிதானே?”

எனக்குச் சுருக்கென்றது. “நான் கடஞ்ச புல்லிடா. மைக்ரான்கூடத் தப்பாது. உன் பஞ்ச எடுத்துட்டுக் கேளு” என்றேன். அவன் தலை குனிந்துகொண்டான். அதற்கப்புறம் பெரியவர் பேச்சு வந்தாலே அவனைக் கிண்டல் செய்வோம்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரில் ஒரு ஹோட்டல் பேண்டுக்குக் கிடார் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று மஞ்சுவின் சித்தப்பா சொல்லி அனுப்பினார். ஆரோக்கியத்துக்கு பிரஸ் ஷாப்பிலிருந்து தப்பிக்க அது ஒன்றே வழி. மூன்று வாரம் என் அறையில் உட்கார்ந்து, என் செட்டைக் கேட்டுக் கேட்டு, சங்குப் பாட்டைப் பழகினான். விரல் நுனி கன்றிப்போனது. போகும் நாளன்று பஸ் ஸ்டாண்டில் மறுபடியும் கேட்டான், “மச்சான், செட்டு ஸ்பீடு சரிதானே?” அவனோடு துணைக்குப் போன நான், “எத்தன தடவடா கேப்ப?” என்று எரிந்து விழுந்தேன்.

ஹோட்டலில் ஒரு பெரிய ஹால். நாலு பேர் வாத்தியங்களோடு இருந்தார்கள். என்ன தெரியும் என்றார்கள். இவன் மெட்டை முனகிக் காட்டினான். “ஓ, அதுவா!” என்று சந்தோஷமாக ஆரம்பித்தார்கள். முதல் அடியிலேயே இரண்டு கட்டை மேலே போய்விட்டார்கள். இவன் விரல் வைத்த இடமெல்லாம் தப்பு. தேடிப் பிடித்துச் சேர்வதற்குள் அவர்கள் அடுத்த வரிக்கு ஓடியிருந்தார்கள். அவர்கள் ஓட்டமும் இவன் நடையுமாகப் பாதிப் பாட்டு போனது. இவன் கழுத்து வியர்த்து ஒழுகியது. நிறுத்திவிட்டு, மூத்தவர் தோளைத் தட்டினார். “கை நல்லாருக்கு பிரதர். காதுதான் இன்னும் பழகணும்.”

எனக்கு அந்த முதல் அடியிலேயே விளங்கிவிட்டது. ‘இவன் காதில் குற்றமில்லை, என் புல்லியில்தான்’ என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு தரம் வாசிக்க விட்டிருப்பார்கள். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டியதும் ஆரோக்கியம் சொன்னான். “காது சரியில்ல போல மச்சான். கோயில்ல பாராட்டுனாங்கன்னு நம்பிட்டேன்.” அப்போதும் நான் சொல்லவில்லை. அடுத்த நாள் செட்டைப் பிரித்து, மோட்டார் எரிந்துவிட்டது என்று இரண்டு பேரிடமும் பொய் சொல்லி, டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். மஞ்சு கேசட்டை வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமைகள் அதோடு சரி.

ஒரு வாரம் கழித்து பிரஸ் ஷாப் பக்கம் போனபோது ஆரோக்கியத்தின் காதில் பஞ்சைக் காணோம். எங்கேடா என்று சைகையில் கேட்டேன். கிட்டே வந்து கத்தினான். “காது இருக்கறவனுக்குத்தான் மச்சான் பஞ்சு!”

இத்தனை வருஷமும் நான் எப்படித் தூங்கினேன் என்றால், எனக்கு ஒரு சாக்கு இருந்தது. செட்டு மெதுவாக ஓடியது நிஜம்தான், ஆனால் பெரியவரைப் பொம்பளை என்றானே, அப்படி ஒன்றும் அபாரமான காது இல்லை அவனுக்கு. இந்தச் சாக்கைத்தான் காப்பிக் கடைத் தம்பி ‘லேடி’ என்ற ஒரு வார்த்தையில் பிடுங்கிக்கொண்டான்.

வியாழக்கிழமை ராயக்கோட்டை பஸ் ஏறினேன். ஆரோக்கியம் மனைவி ஊர் அது, அங்கேயே குடியேறிவிட்டான் என்று கேள்வி. பஸ்ஸிலும் எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, பாதி வழி நின்றுகொண்டே போனேன். விசாரித்து வீட்டுக்குப் போனால் அவன் மனைவி வாசலில் நின்று, “தக்காளி மண்டில தரம் பிரிச்சிட்டு இருப்பாருங்கண்ணா. கிட்டப் போயி நல்லா கத்திக் கூப்புடுங்க. ரெண்டு காதும் போச்சி. பிரஸ்ஸு தின்னுடுச்சி” என்றார்.

மண்டியில் ஏலக்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் என்னைப் பார்த்ததும் தக்காளிச் சாற்றுக் கையோடு கட்டிக்கொண்டான். “இங்க எல்லாரும் கத்தித்தான் பேசுவானுங்க. எனக்கு வசதி” என்று சிரித்தான். முடி முழுக்க நரைத்திருந்தது. நான் அவன் காதருகே குனிந்து, புல்லியைப் பற்றிக் கத்தினேன். பாதியில் “என்னது?” என்றான். மறுபடி முதலிலிருந்து கத்தினேன். உருகின புல்லியை அளந்தது, ஹாலில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, மோட்டார் பொய், எல்லாவற்றையும். ஏலக்காரர்களே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். “உன் காது சரியாத்தாண்டா இருந்துச்சு!” என்று கத்தும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் ஒரு தக்காளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் கேட்டான்.

“அப்ப பெரியவரு பொம்பளதானே?”

“ஆமாண்டா. பொம்பளதான்.”

“சொன்னேன்ல!” கூடையின் மேல் ஓங்கி அடித்தான். “சொன்னேன்ல நானு! அப்ப உன் நட்டு எனக்குத்தான். அந்த அத்திப்பள்ளிக்காரங்கிட்டயும் சொல்லிப்புடு.”

என்னைத் திட்டுவான் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“போன்ல இருக்கா? போடு, கேக்கறேன்” என்றான். மகள் காப்பிக் கடைத் தம்பியிடம் பேர் கேட்டு ஏற்றிக் கொடுத்திருந்தாள். சத்தத்தை முழுக்கக் கூட்டி அவன் காதில் வைத்தேன். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனைத் தானே பிடித்து, அந்தக் காலத்து மாதிரியே கண்ணை மூடிக்கொண்டான். சங்கு ஊதி முடிந்தது. அவள் பாட ஆரம்பித்தாள். எட்டு அடி தள்ளி நின்ற ஆள்கூடத் திரும்பிப் பார்க்கிற குரல். ஒரு சரணம் முடிந்து இரண்டாவதும் பாதி போனது. ஆரோக்கியம் ஒரு விரலால் கூடை விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அது பிசகவே இல்லை.

“டிரம் அடி மட்டும் நல்லா கேக்குது மச்சான்” என்றான், கண்ணைத் திறக்காமல். “அவ எப்ப பாட ஆரம்பிப்பா?”