பாலித்தீன் பிரிக்காத வண்டியில் ஒரு வாரம்

புது வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவது, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி போடுகிற மாதிரி. தின்கிறவர்கள் எல்லாரும் தாலி கட்டுவதில்லை.

வீட்டுமனை, இன்சூரன்ஸ், மாவரைக்கும் மிஷின் என்று எதையாவது காட்டிக் காட்டியே தொண்டை வறண்டவர்களுக்கு என் பாடு புரியும். எனக்கு வயது அறுபத்தொன்பது. லாரியில் பாதி ஆயுள், தருமபுரி கார் ஷோரூமில் மீதி. போன மாதம் கம்பெனி ஒரு புதுக் காரை அனுப்பியது. சொகுசுக் கார் குடும்பத்தில் அது கடைக்குட்டி. நீளம் கொஞ்சம் குறைவு, டிக்கி தனி, விலை மட்டும் அண்ணன்மாருக்குப் பக்கத்தில். விற்பனைக்கு வர நாள் இருந்தது. அதற்குள் ஆட்களுக்குக் காட்டி முன்பதிவு பிடிக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போதே மேனேஜர் பாஸ்கர் சொல்லிவிட்டார்:

“சனிக்கிழமைக்குள்ள ஒரு புக்கிங்காவது வுழுந்தாத்தான் வண்டி நம்மகிட்ட நிக்கும். இல்லீன்னா சேலத்துக்கு அனுப்பிருவாங்க. அப்பறம் நீங்க ஓட்டறதுக்கு இங்க ஒண்ணும் இல்லீங்க பெரியவரே.”

இந்த வயதில் வேறு எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்? வீட்டோடு இருந்தால் என் சம்சாரம் முருங்கைக்கீரை உருவச் சொல்லுவாள். தொப்பூர் கணவாயில் பிரேக் இல்லாத லாரியை இறக்கியவன் நான். கீரைக்கு மட்டும் பயம்.

டிக்கி

முதல் நாள் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்காரர். வண்டியை மூன்று சுற்று சுற்றினார். சீட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய், டிக்கியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். தானாகவே எழும்பும் மூடி அது. “இது யானைக் காது மாதிரிங்க, லேசா ஆட்டினாலே தெறந்துக்கும்” என்று எடுத்துவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்காமல் ஒரு தக்காளிப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். இரண்டாவதையும் வைத்தார். மூன்றாவது போகவில்லை. நெடுக்காக, குறுக்காக, சாய்வாகத் திணித்துப் பார்த்தார். பெயின்ட் போய்விடாமல் நான் டிக்கி விளிம்பில் என் துண்டை விரித்துப் பிடித்தேன்.

“ஐயா, இது ஆளுங்க சொகுசாப் போற வண்டிங்க” என்றேன். அவர் பெட்டிகளை இறக்கிவிட்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “ஆளு கெடக்கறான், பஸ்ல வந்துருவானுங்க. தக்காளிய யாருங்க பஸ்ல ஏத்தறாங்க?”

சத்தம்

பென்னாகரத்தில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், மனைவியோடு ஏறிக்கொண்டார். இன்ஜின் ஓடுவதே தெரியாது என்பதுதான் இந்த வண்டியின் பெரிய பெருமை. அதைச் சும்மா சொன்னால் எடுபடுமா? “நேத்து கணவாய்ல வர்றப்ப, பக்கத்துல ஒரு பட்டாம்பூச்சி றெக்க அடிக்கற சத்தம் கேட்டுச்சுங்க சார். அதுவும் கண்ணாடி ஏத்தி வுட்டிருந்தேன்” என்றேன். “என்ன கலருங்க?” என்றார் வாத்தியார். “மஞ்சளுங்க. எடது றெக்க மட்டும் கொஞ்சம் கிரீச்சுன்னுது.”

அவர் சிரித்தார். வண்டியும் பிடித்துப்போனது. பேனாவைக்கூட வெளியே எடுத்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அந்த அம்மா வாயைத் திறந்தார்: “சத்தமில்லாத வண்டி நமக்கு வேணாங்க. இப்பல்லாம் இவரு பைக்கு சத்தம் தெருமொனைல கேட்டாத்தான் நாங்க டிவிய நிறுத்தறோம்.”

மேற்கூரை

வியாழக்கிழமை ஒகேனக்கல். லாட்ஜ் முதலாளி ஒருவர் வரச் சொல்லிவிட்டு, தான் வரவில்லை. காத்திருந்த நேரத்தில், வண்டியின் கூரையில் இருக்கும் கண்ணாடியைத் திறந்துவிட்டு, எதிரே மீன் வறுக்கும் கடையில் நின்றேன். ஒரு துண்டு வாயில் போட்டுத் திரும்பினால், டிரைவர் சீட்டில் ஒரு கடுவன் குரங்கு.

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். சீட்டைச் சாய்க்கும் பொத்தானை அதுவே கண்டுபிடித்தது. சாய்ந்து, காலை நீட்டி, கண்ணாடியில் முகம் பார்த்துப் பல்லைக் குத்திக்கொண்டது. வாழைப்பழம் காட்டினேன், வரவில்லை. கெஞ்சினேன், இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. ஹாரன் அடித்து என்னைத்தான் தள்ளி நிற்கச் சொன்னது. மீன் கடை அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “காத்தாலருந்து இந்த வண்டிய எத்தினியோ பேரு பாத்தாங்க தாத்தா. நெசமா வாங்கற ஆளு மாதிரி உக்காந்துருக்கறது இது ஒண்ணுதான்.”

உத்தரவு

சனிக்கிழமை காலை. கையில் ஒரு புக்கிங்கும் இல்லை. கடைசியாக இருந்தவர் பொம்மிடிப் பக்கம் ஜவ்வரிசி மில் வைத்திருக்கும் மாதையன். அவர் பிடிவாதக்காரர். குலசாமி முனியப்பன் உத்தரவு கொடுக்காமல் ஒரு மோட்டார்கூட வாங்கமாட்டார். உத்தரவு என்றால் வாய்ப்பேச்சு இல்லை. கோயில் முன்னால் கிடாயை நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிடாய் உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமிக்குச் சம்மதம். சும்மா நின்றால், பேச்சு அங்கேயே முடிந்தது.

மாதையன் முன்சீட்டில், அவர் மனைவி கோவிந்தம்மா பின்சீட்டில். கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா இறங்கவில்லை. “முட்டி வலிங்க, நான் இப்பிடியே உக்காந்துக்கறேன்” என்று கதவை மட்டும் திறந்துவைத்துக்கொண்டார். திறந்த கதவுக்குப் பக்கத்திலேயே கிடாயை நிறுத்தினார்கள். பூசாரி தண்ணீர் தெளித்தார். கிடாய் அசையவில்லை. இரண்டாம் முறை ஒரு சொம்பே ஊற்றினார். அது என்னைப் பார்த்து அசைபோட்டது. எனக்கு முருங்கைக்கீரை வாசனையே அடித்தது.

“சாமிக்கு இஷ்டமில்ல போலீங்க” என்றார் மாதையன். “இன்னொருக்கா பாக்கலாங்க, பாவம் அதுக்கும் வெயிலு” என்று நான் ஸ்டியரிங் பக்கம் சாய்ந்து ஏசியைக் கடைசி நம்பருக்கு வைத்தேன். என் யோசனை அவ்வளவுதான். கதவு வழியாகக் கொஞ்சமாவது குளிர் போகாதா என்ற நப்பாசை. பூசாரி மூன்றாவது சொம்பை ஊற்றினார். நனைந்த கிடாய் ஒரு நொடி திகைத்தது. பிறகு கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறியதே, பூசாரியின் திருநீறு எல்லாம் கரைந்து ஓடியது! “முனியப்பா!” என்று மாதையன் கையெடுத்துக் கும்பிட்டார். அங்கேயே நின்று பாஸ்கருக்குப் போன் போட்டு, வெள்ளை நிறத்தில் ஒன்று பதியச் சொன்னார்.

கிடாயைக் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு அவர் போனபின், நான் பின்கதவைச் சாத்தப் போனேன். பின்சீட்டுக்கென்று நடுவில் இருக்கும் ஏசித் துவாரம் இரண்டுமே வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தன. கோவிந்தம்மா காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “காத்த வெச்சது நீங்க, கெடா காதுக்கு நேரா திருப்பி வுட்டது நானுங்க. அவருகிட்ட சொல்லிப்புடாதீங்க. முனியப்பன் ஒண்ணும் கோவிச்சிக்கமாட்டான், பத்து வருசமா எங்க வூட்டு ஒசர ஜீப்புல ஏறி எறங்கற என் முட்டிய அவனும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கறான்.”

வண்டியைப் புகழ்ந்து பேச முன்சீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அதை வாங்குவதா வேண்டாமா என்பதைப் பின்சீட்டில் இருப்பவர்கள் எப்போதோ முடிவு செய்துவிடுகிறார்கள்.