பதினெட்டு மணி எத்தனை நாள்?

ஊருக்குப் போன மரியதாஸ் அண்ணாச்சி தூத்துக்குடியில் காலமானார் என்ற கடிதம், மெயின்லேண்ட் கப்பலில் வெங்காய மூட்டைகளோடு எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் வந்து இறங்கியது. கடிதத்துக்கு வயது பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் நாங்கள் அவரை உயிரோடு வைத்திருந்தோம். சீட்டாட்டத்தில் அவர் செய்யும் அழும்பை முந்தாநாள்கூடத் திட்டினோம். நாள் கணக்கில் இப்படியொரு குளறுபடி என்று தெரிந்திருந்தால் மனிதர் பாடையிலிருந்து எழுந்து பென்சில் கேட்டிருப்பார்.

டெலானிபூர் குவார்ட்டர்ஸ்வாசிகளே, டெய்ரி ஃபார்ம் டீக்கடைப் பெருமக்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: படகு அணையும் துறையான ஜெட்டி கட்டும் எங்கள் ஆபீசில் எந்த வேலை எத்தனை நாள் என்று சார்ட் எழுதுபவர் அவர். சார்ட் சுவர் முழுக்க இருக்கும். சுருட்டினால் உள்ளே ஒரு குடும்பம் குடித்தனம் நடத்தலாம். ஒரு கட்டம் ஒரு நாள். மணிக் கணக்கு வேலைகளுக்கு அந்தக் கட்டங்களில் இடமில்லை. தனித் தாளில் எழுதிப் பக்கத்தில் தொங்கவிடுவார். "மணியையும் நாளையும் ஒரே எலையில பரிமாறாதீரும், வயிறு கெட்டுப்போவும்" என்பது அவர் வாக்கு.

ஒருமுறை அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தார். நான் அரியணை ஏறுவதுபோலச் சார்ட்டை ஏற்றுக்கொண்டேன். தெற்கே ஒரு சிறு தீவில் வங்காளத்துக் குடும்பங்களைக் குடியேற்றியிருந்தார்கள். அங்கே ஜெட்டி கிடையாது. நோயாளியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்து படகேற்ற வேண்டும். மழை தொடங்குமுன் ஜெட்டிக்குக் கல்லால் அடிக்கட்டு போட்டாக வேண்டும். விட்டால் ஆறு மாதம் கடல் இடம் கொடாது. தனித் தாளில் 'அடிக்கட்டு, பதினெட்டு மணி' என்றிருந்தது. எட்டால் வகுத்தேன். இரண்டேகால் வந்தது. தாராள மனத்தோடு மூன்று கட்டம் வரைந்து, பன்னிரண்டு ஆட்களுக்கு அரிசியும், நாலாம் நாள் திரும்புவதற்குப் படகும் சொல்லிவைத்தேன்.

படகு புறப்படும் காலையில் அண்ணாச்சி வேலைக்குத் திரும்பினார். சுவரைப் பார்த்தார். அடுத்த கணம் ஜெட்டியில் நின்றார். இடைப்பட்ட தரையில் அவர் கால் பட்டதாக யாரும் சாட்சி சொல்லவில்லை.

"வேலு, பதினெட்டு மணி எப்படிவே மூணு நாளாச்சு?"

"எட்டால வகுத்தேன் அண்ணாச்சி."

"எட்டு மணி ட்யூட்டி பாக்க, கடல் என்ன ஒம்ம ஆபீஸ் பியூனா? தண்ணி வத்துனாத்தான் அடிக்கட்டு வேல. ஒரு வத்தத்துக்கு மூணு மணி. அப்புறம் கழுத்துக்கு வந்துரும்."

நாளுக்கு ஒரு வற்றம், மூன்று மணி என்றால் ஆறு நாள். படகோட்டும் செராங்கிடம் கெஞ்சினோம். "சௌத்தா தின் ஆயேகா பாபு. உஸ்கே பாத் பாரிஷ்" என்றார். நாலாம் நாள் வருவார். அதற்குப் பிறகு மழைதான். அண்ணாச்சி என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு படகில் குதித்தார்.

தீவுக் கரையில் ஹரிபத் என்ற குடியேறி காத்திருந்தார். அவர் மனைவிக்கு ஆடியில் பிரசவம். "ஹோ ஜாயேகா, பாபு?" என்று மட்டும் கேட்டார், முடிந்துவிடுமா என்று. அண்ணாச்சி என் பக்கம் கையைக் காட்டவில்லை. "ஹோகா", முடியும் என்று சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து தாளை எடுத்தார். கடல் நாளுக்கு இரண்டு முறை வற்றுகிறது. அந்த வாரம் சாயங்காலம் ஒன்று, விடியலில் ஒன்று. அன்று சாயங்காலம் தொடங்கி நாலாம் நாள் விடியல்வரை எண்ணினால், சரியாக ஆறு வற்றம்.

எங்களோடு வந்த பன்னிரண்டு ஆட்களின் மேஸ்திரி ஒப்பவில்லை. "விடியக்காலம் பச்சத் தண்ணில எறங்கணுமா? எட்டு மணி வேலைன்னுதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"எட்டுன்னு எழுதுனது இந்த மகராசன். நான் ஒரு நாளைக்கு ஆறுதான் கேக்கேன். ரெண்டு மணி ஒமக்கு லாபம்."

சிரித்துவிட்ட பிறகு எப்படி மறுப்பது? இறங்கினார்கள். காய்ச்சல் விட்ட உடம்போடு அண்ணாச்சியும் இறங்கினார். நான் தூக்கிய கல் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தீவு. கைதவறிப் போட்டிருந்தால் சர்க்கார் வரைபடத்தைத் திருத்தியிருக்கும். ஹரிபத் வீட்டிலிருந்து வாளி வாளியாக டீ வந்தது.

நாலாம் நாள் காலை, கடைசி வரிசைக் கல் பாக்கி இருக்கும்போதே படகு வந்து தூரத்தில் நின்றது. செராங் "சலோ, சலோ" என்று கத்தினார். தண்ணீர் ஏறட்டும் என்று அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரிலிருந்து பதில் கொடுத்தார்: "பானி சட்னே தோ, செராங் சாப்!" தண்ணீர் ஏறாமல் படகு கரைக்கு வர முடியாது, செராங்குக்கும் அது தெரியும். பீடியைப் பற்றவைத்தார். தண்ணீர் ஏற ஏறக் கல் ஏறியது. கடைசிக் கல் உட்கார்ந்தபோது மேஸ்திரியின் தாடை தண்ணீருக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் மெல்ல வாயைத் திறந்தேன். "கடைசில மூணு நாள்தானே ஆச்சு, அண்ணாச்சி."

"ஒம்ம கணக்கு சரியில்லவே. பன்னெண்டு பேரு முதுகுதான் அதச் சரிக்கட்டுச்சு. அத எங்கயாவது எழுதி வச்சீரா?"

மறுநாள் மூன்று கட்டங்களை அழித்தேன். தனித் தாளில் ஆறு வற்றங்களை நேரத்தோடு எழுதி, கீழே பன்னிரண்டு பெயர்களையும் எழுதினேன்.

மேலே பலகை வேலை தண்ணீருக்கு மேல் நடப்பது. அதற்கு நாள் கணக்கே போதுமானதாக இருந்தது. ஆடி மழையில் ஹரிபத்தின் மனைவி அந்த ஜெட்டியில் தன் காலால் நடந்து படகேறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வானத்திலிருந்து விழுந்ததைத் தவிர ஒரு சொட்டு அவள்மேல் படவில்லை. ஃபீனிக்ஸ் பேயில் குடையோடு காத்திருந்த அண்ணாச்சி, அதையும் படவிடவில்லை. பெண் குழந்தை.

இப்போது அந்தச் சுவர் என் பொறுப்பு. அண்ணாச்சியிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு கேள்வி: அந்த இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி கிடைக்கும், அந்த மணியில் தண்ணீரில் நிற்கப்போவது யார்? இதற்குப் பதில் வராமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை. போன வாரம் மூன்று நாள் என்று வந்த ஒரு வேலைக்கு ஒன்பது கட்டம் வரைந்து கொடுத்தேன். என்ஜினீயர் முறைத்தார். ஒன்பதுக்கும் காரணம் கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.